மறைத்து வைத்தால் பயம் போய்விடாது

கர்ப்பிணி உட்கார்ந்திருக்கும் கூடத்தில் யாராவது பிரசவ வலியைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரியவர் ஒருவர் உடனே அடக்கிவிடுவார்: “மாசமா இருக்கிறவகிட்ட அதையெல்லாம் பேசாதே, பயந்துடுவா.” தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் இதற்கு அக்கறை என்று பெயர். இந்த அக்கறையால்தான் எத்தனையோ பெண்கள் எதுவுமே தெரியாமல் பிரசவ அறைக்குள் போகிறார்கள்.

“நாங்கல்லாம் தெரிஞ்சுக்கிட்டா பெத்தோம்?” என்று பாட்டிகள் கேட்பதுண்டு. ஆம், தெரிந்துகொண்டுதான் பெற்றார்கள். அக்காவுக்கோ அத்தைக்கோ வலி எடுத்தபோது அவர்களும் அதே வீட்டில் இருந்தார்கள். முனகலைக் கேட்டார்கள், வெந்நீர் போட்டுக் கொடுத்தார்கள், மருத்துவச்சி மணிக்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்ததைப் பார்த்தார்கள். வலி விட்டுவிட்டு வரும், ராத்திரி முழுக்க நீளும் என்பது யாரும் பாடம் நடத்தாமலே மனதில் படிந்தது. இன்று தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. தாய்மார்களின் உயிரைக் காத்த மாற்றம் அது. ஆனால் வீட்டுக்குள் கிடைத்துவந்த அறிவு அதோடு நின்றுபோக, வாயடைக்கும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சொல்ல வேண்டியது அப்படியொன்றும் அதிகமில்லை. சூட்டு வலி எனப்படும் பொய் வலி ஒழுங்கில்லாமல் வந்து தணிந்துவிடும். பிரசவ வலிக்கு இடைவெளி குறைந்துகொண்டே வரும், வலுவும் கூடும். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்பிவிட வேண்டும். நீர் பச்சையாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, கடும் தலைவலி, பார்வை மங்குவது ஆகியவற்றுக்கும் இதே அவசரம்தான். இவற்றைக் கர்ப்பிணியிடமிருந்து மறைப்பது ஆபத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு காத்திருப்பதாகும்.

பிரசவம் எவ்வளவு நேரம் நீளும் என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும். கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகே பிரசவத்தின் தீவிரக் கட்டம் தொடங்குகிறது. முதல் பிரசவத்தில் அது பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். அதற்கு முந்தைய கட்டத்துக்கோ இத்தனை மணி நேரம் என்று கணக்கே கிடையாது. இது தெரியாதவள், வலி தொடங்கிய சில மணி நேரத்திலேயே ஏதோ தவறிவிட்டது என்று நடுங்கிப்போகிறாள். “ஆபரேஷனே பண்ணிடுங்க டாக்டர்” என்று வெளியே நிற்கும் குடும்பமும் மன்றாடுகிறது. அதே 2019–21 ஆய்வின்படி மாநிலத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. காரணங்கள் பல. அறியாமை கிளப்பும் பதற்றத்துக்கும் அதில் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று, துணை. பிரசவ நேரம் முழுவதும் ஒருவர் கூடவே இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, வலி நேரம் குறைகிறது என்பதை 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 சோதனைகளைத் தொகுத்த 2017 காக்ரேன் ஆய்வு காட்டியது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்க மத்திய அரசும் 2016-இல் வழிவகுத்தது. அப்படியிருந்தும் பல குடும்பங்கள் அம்மாவா, மாமியாரா என்பதை ஆஸ்பத்திரி வாசலில்தான் முடிவுசெய்கின்றன. எட்டாம் மாதத்திலேயே அவளைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டிய விஷயம் இது. கூட வருபவரும் இடுப்பை நீவிவிடவும், மூச்சை நிதானமாக விடச் சொல்லவும், கத்தும்போது அதட்டாமல் கையைப் பிடித்துக்கொள்ளவும் முன்பே பழகியிருக்க வேண்டும்.