மண்ணை மூடாதீர்கள், பிள்ளைகளே!

இன்று கொஞ்சம் திட்டப் போகிறேன். முப்பத்திரண்டு வருஷம் திட்டிப் பழகிய வாய், பென்ஷன் வாங்கினாலும் அடங்கவில்லை.

சமீபத்தில் மூன்று கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். மூன்று வீட்டிலும் வாசல் முதல் கொல்லை வரை பேவர் பிளாக். ஒரு சாண் மண் கிடையாது. ஒரு வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் செம்பருத்தி வேறு! ஏன் என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன மூன்று பதில்களையும் சிவப்பு மையால் திருத்துகிறேன்.

"பார்த்துக்க நேரமில்லை டீச்சர்." தவறு. நர்சரியில் வாங்கி மூன்றே மாதத்தில் வாடிப்போகும் சீசன் செடிக்குத்தான் நேரம் வேண்டும். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் ஒருமுறை வேர் பிடித்தால் வருஷக்கணக்கில் நிற்பவை. டிசம்பர் பூவுக்குக் குச்சி ஒடித்து நட்டால் போதும். கனகாம்பரத்தின் காய்ந்த காய் தண்ணீர் பட்டதும் வெடித்து, தானே விதைத்துக்கொள்ளும். அந்திமந்தாரை விதை உதிர்ந்த இடத்தில் முளைக்கும். மல்லிகைக்கு மட்டும் நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்யுங்கள். வெயில் ஏறும்போது அரும்பு கட்டும். சின்னப் பிள்ளைகளும் ஆடுமாடும் உள்ள வீட்டில் அரளி மட்டும் வேண்டாம், விஷம்.

"குப்பை விழும், பாம்பு வரும்." பாதி மார்க். இலை விழத்தான் செய்யும். அதைச் செடி அடியிலேயே தள்ளுங்கள், உரமாகும். பாம்பு பூவைத் தேடி வருவதில்லை, எலியையும் தவளையையும் தேடி வருகிறது. செங்கல் குவியலையும் விறகுக் குவியலையும் அப்புறப்படுத்துங்கள். செடியின் அடிக்கிளைகளைக் கழித்து விடுங்கள்.

"பளிச்சென்று இருக்கு." இதற்கு முட்டை. ஆனால் இதே பதிலை நானும் எழுதியிருக்கிறேன். 2016-ல் ஓய்வு பெற்ற கையோடு, மகன் பேச்சைக் கேட்டு முற்றம் முழுக்கக் கல் பதித்தேன். மாமியார் வைத்த பவழமல்லியை வெட்டச் சொன்னதும் நான்தான். அடுத்த சித்திரையில் வெறுங்காலோடு வாசலில் நிற்க முடியவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் படியேறி வந்தது. இறங்க மண் இருந்தால்தானே! மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் 2003-ல் கட்டாயமாக்கினார்கள். நாமோ சட்டத்துக்கு ஒரு குழி தோண்டிவிட்டு, மிச்ச மழையைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம்.

போன வருஷம் பாதிக் கல்லைப் பெயர்த்து எடுத்தேன். வரிசை, வடிவம் எதுவும் பார்க்கவில்லை. நாத்தனார் தந்த இட்லிப்பூ, பழைய மாணவி கொண்டுவந்த டிசம்பர் பூ, எங்கிருந்தோ வந்து முளைத்த நித்தியகல்யாணி எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பூக்கின்றன. ஒன்றுக்கும் காசு கொடுக்கவில்லை. புதிதாக வைத்த பவழமல்லி இப்போது என் இடுப்பு உயரம். பழையது ஓட்டுக்கு மேலே நின்றது. அது அந்த உயரம் வரும்போது பார்க்க நான் இருப்பேனா தெரியாது.

பேவர் பிளாக் தொழில் செய்யும் என் மாணவன் கோபித்துக்கொள்ளாதே. வண்டி நிற்கும் இடத்துக்குப் போடு, மிச்சத்தை விட்டுவிடு.

எல்லோருக்கும் வீட்டுப்பாடம்: ஐப்பசி மழைக்கு முன் வாசலோரம் இரண்டடி மண்ணைத் திறந்து விடுங்கள். குச்சி வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வாருங்கள். கையை வீசிக்கொண்டு வராமல், உங்கள் வீட்டுக் குச்சி ஒன்றும் கொண்டுவாருங்கள்.