டோக்கன் கொடுக்க முடிந்தது, கருத்துக் கேட்க முடியாதா?

"கொரோனா காலத்துல யாரைக் கூட்டி வெச்சுக் கேட்கிறது? லிங்க் அனுப்பினாங்க, வந்தவங்க பேசினாங்க. இனிமேலும் அதுவே போதுமே!" சென்னையில் பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்றை இடித்துக் கட்டுவது பற்றிய பேச்சில், நன்றாகப் படித்த ஒருவர் அண்மையில் சொன்னது இது. சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் சொன்னதைவிட அந்தத் தலையாட்டல்தான் எரிச்சலூட்டுகிறது. பெருந்தொற்றின்போது குடியிருப்பவர்களை நேரில் கேட்க வழியே இல்லை, அந்தக் குறையை இணையவழிக் கூட்டம் தீர்த்துவிட்டது என்ற நம்பிக்கை இன்று எவரும் கேள்வி கேட்காத உண்மையாக உலவுகிறது.

வழியே இல்லையா? 2021 மே மாதத்தை நினைத்துப் பார்க்கட்டும். இரண்டாம் அலை, மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற நாட்கள். அதே மாதத்தில்தான் தமிழ்நாட்டின் சுமார் 2 கோடியே 7 லட்சம் அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு நிவாரணத்தின் முதல் தவணையாக 2,000 ரூபாய் வழங்கப்பட்டது. ரேஷன் கடை ஊழியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி டோக்கன் கொடுத்தார்கள். எந்தத் தேதி, எந்த நேரம் என்று அதில் குறித்திருந்தது. ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு 200 பேர் என்று கணக்கு வைத்துக் கூட்டம் சேராமல் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் மாடி மூலை வீடு வரைக்கும் டோக்கன் போயிற்று. "உங்கள் வீட்டை இடிக்கப் போகிறோம், என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்க மட்டும் அதே படிக்கட்டில் ஏற ஆள் இல்லையா?

டோக்கன் மட்டுமா? சென்னை மாநகராட்சி ஆயிரக்கணக்கான களப்பணியாளர்களை அனுப்பி வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்தது. 2021 ஏப்ரல் 6 அன்று 234 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தது. நெரிசலைக் குறைக்க வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கையை 88 ஆயிரத்துக்கும் மேல் உயர்த்தினார்கள். கையுறை தந்தார்கள், வெப்பமானி பிடித்தார்கள், கடைசி ஒரு மணி நேரத்தைத் தொற்றாளர்களுக்கென்று ஒதுக்கினார்கள். ஓட்டு வேண்டும் என்றபோது வழி பிறந்தது.

இடிப்பதற்கும் நேரில் வர முடிந்தது. 2021 ஜூலை இறுதியில் அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகரில், கூவம் கரையோர வீடுகள் இடிக்கப்பட்டு, அந்தக் குடும்பங்கள் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. இயந்திரமும் அதிகாரிகளும் காவலர்களும் ஒரே தெருவில் கூடத் தொற்று தடையாக இல்லை. மக்கள் வாய் திறக்கும் கூட்டத்துக்குத்தான் அது தடையாகிறது.

சட்டம் கைகொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் பொது விசாரணை பற்றி மத்திய அமைச்சகம் 2020 செப்டம்பரிலேயே ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒரு அமர்வுக்கு 100 பேர் வரை என்று பிரித்து, ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகளாக நடத்தலாம் என்றது. அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. ஆனால் ஒரு பிளாக்குக்கு முப்பது நாற்பது குடும்பங்கள் வசிக்கும் குடியிருப்பில் நூறு பேர் என்பதே தேவைக்கு அதிகம். டோக்கன் போட்டு அழைத்திருந்தால் ஒரு வாரத்தில் எல்லோரையும் கேட்டு முடித்திருக்கலாம்.

லிங்க் அனுப்பினால் என்ன ஆகும்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் எப்போதாவது இணையம் பயன்படுத்தியிருந்த பெண்கள் 46.9 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் தொட்டே பார்த்ததில்லை. வீட்டில் இருந்த ஒரே செல்போனும் அந்த நாட்களில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பில் இருந்தது. கூட்டத்தில் பேசியது யார் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவும், வீட்டு ஒதுக்கீடு தன் பெயரில் இல்லாமல் வாடகைக்குக் குடியிருப்பவரும் அந்தத் திரையில் இல்லை. வீடு இடிந்தால் முதலில் தெருவுக்கு வருபவர்கள் அவர்கள்தான்.

அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் திருவொற்றியூர் அரிவாக்குளத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். 2021 டிசம்பர் 27 அன்று அங்கே வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக்கில் 24 வீடுகள் சரிந்து விழுந்தன. உயிர்ச்சேதம் இல்லை. விரிசலைக் கவனித்து, ஆட்களை வெளியேற்றியது அங்கே குடியிருந்தவர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், புதிதாகக் கட்டிய கே.பி. பார்க்கில் கையால் சுரண்டினாலே உதிரும் பூச்சைக் காட்டிக் கொடுத்தவர்களும் குடிவந்த மக்கள்தான். சென்னை ஐஐடி வல்லுநர்களின் ஆய்வு அதற்குப் பிறகுதான் வந்தது. கட்டுவதற்கு முன்பும் கட்டும்போதும் அவர்களைப் பக்கத்தில் வைத்திருந்தால், பூச்சு உதிர்ந்த பிறகு பரிசோதனைச் செலவு எதற்கு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பெருந்தொற்றுக் காலம் முழுவதும் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், வீடு இடிபடப்போவதாகச் செய்தி வந்தாலும், கதவைத் தட்ட வார்டில் ஆள் இல்லை. சட்டமன்றத்துக்கு ஓட்டுப்போடக் கூப்பிட்ட அதே மக்களுக்கு, தங்கள் தெருவைப் பற்றிப் பேசும் பிரதிநிதி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மறுக்கப்பட்டார்.

மொழியிலும் இதே கதைதான். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஊரடங்கின் நடுவே ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டு நாட்டையே கருத்துச் சொல்லச் சொன்னார்கள். எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் அது வரவேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த உத்தரவை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. படிக்க முடியாத மொழியில் வரைவு, நுழைய முடியாத லிங்க்கில் கூட்டம், கடைசியில் "யாரும் ஆட்சேபிக்கவில்லை" என்று ஒரு குறிப்பு.

மறுகட்டுமானத்துக்காக வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்கான கருணைத் தொகை 8,000 ரூபாயாக இருந்தது. பிறகு 24,000 ஆக உயர்த்தப்பட்டது. கட்டி முடிக்க இரண்டு ஆண்டு ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய். சென்னையில் அந்த வாடகைக்கு எங்கே வீடு கிடைக்கும் என்ற கேள்வியை ஒரு பிளாக்கின் கீழே நின்று கேட்டால் பத்து நிமிடத்தில் பத்துக் குரல் எழும். லிங்க்கில் அந்தக் குரல்களின் ஒலி அணைக்கப்பட்டிருக்கும்.

இப்போதும் வாரியத்தின் பட்டியலில் இடிக்கப்பட வேண்டிய பழைய குடியிருப்புகள் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு பிளாக்கின் கீழேயும், எல்லோரும் வேலை முடிந்து திரும்பும் மாலை நேரத்தில், வரைபடத்தைத் தமிழில் விரித்து வைத்துக் கூட்டம் போடட்டும். வாடகைதாரர்களையும் சேர்த்து வீடு வீடாக டோக்கன் கொடுத்து அழைக்கட்டும். பேசியதை அங்கேயே எழுதிப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகு ஒப்பந்தப்புள்ளி கோரட்டும்.