கதவு உடைந்தது, வீட்டாருக்குச் செய்தி ஆறு நாள் கழித்து

கூடத்துத் தொலைக்காட்சியோடு ஒரு சிறு பெட்டியை இணைத்துப் பிள்ளைகள் விளையாடுவது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. பெற்றோரில் பலர் அப்பெட்டியை விலையுயர்ந்த பொம்மை என்றே எண்ணுகின்றனர். ஆனால் அந்தப் பொம்மைக்குப் பின்னால் ஒரு பேரேடு இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, முகவரி, மின்னஞ்சல் ஆகியவற்றை எழுதிக் கொடுத்த பின்னரே, கடல் கடந்த ஊர்களில் உள்ளவர்களோடு சேர்ந்து விளையாட அது வழிவிடுகிறது. புதிய விளையாட்டு ஒன்றை வாங்க வேண்டுமானால் தந்தையின் வங்கி அட்டை எண்ணும் அந்த ஏட்டில் ஏறிவிடுகிறது. அதனைக் காப்பவர் யார், எவ்வாறு காக்கிறார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? 2011-ஆம் ஆண்டில் பல நாட்டுக் குடும்பங்களும் ஒரே வாரத்தில் இக்கேள்வியைக் கேட்க நேர்ந்தது. அவ்வரலாற்றை வாசக அன்பர்கள் அறிந்திருப்பது நலம்.

சோனி நிறுவனத்தின் 'பிளேஸ்டேஷன் நெட்வொர்க்' என்னும் விளையாட்டு இணையத்தில் அப்போது ஏறத்தாழ 7 கோடியே 70 லட்சம் கணக்குகள் இருந்தன. இவற்றைத் தாங்கி நின்றவை அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் இருந்த சுமார் 130 கணினிகள். ஏப்ரல் 19 அன்று பிற்பகல், அவற்றுள் நான்கு கணினிகள் எவரும் பணிக்காமலே நின்று, மறுபடியும் இயங்கத் தொடங்கின. ஆளில்லாத அறையில் கதவு தானே அசைந்தது போன்ற செயல் அது. மறுநாள் ஆராய்ந்தபோது மேலும் ஆறு கணினிகளில் அந்நியர் கைபட்ட ஐயம் எழவே, நிறுவனத்தார் இணையம் முழுவதையும் மூடிவிட்டனர். அன்று பெரிய வாரத்துப் புதன்கிழமை. பல நாடுகளில் பிள்ளைகள் பாஸ்கா விடுமுறையில் இருந்த நேரம்.

மூடியது சரியே, அதனைக் குறை கூறுவதற்கில்லை. குறை அதற்குப் பின் தொடங்குகிறது. பெரிய வெள்ளியன்று, வெளியார் ஊடுருவல் நேர்ந்தது என்று மட்டும் அறிவித்தார்கள். கணக்கு வைத்திருந்தோரின் சொந்த விவரங்கள் களவு போயின என்பதை ஏப்ரல் 26 அன்றுதான் வெளியிட்டார்கள். அரைகுறைச் செய்தியைச் சொல்லி மக்களைக் குழப்ப விரும்பவில்லை என்றும், வல்லுநர்களைக் கொண்டு ஆராய்ந்து உறுதிப்படுத்தவே நாளாயிற்று என்றும் நிறுவனம் விளக்கம் தந்தது. இதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும், சாவியைப் பறிகொடுத்தவன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: பூட்டை மாற்றுவது. சாவி போயிருக்கக்கூடும் என்ற ஐயத்தையாவது முதல் நாளே சொல்லியிருந்தால், அவ்வளவு பேரும் உடனே மாற்றியிருப்பார்கள். அமெரிக்க மேலவை உறுப்பினர் ரிச்சர்ட் புளூமென்தால் அன்றே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி இத்தாமதத்தைக் கண்டித்தார்.

களவு போன கடவுச்சொற்கள் எந்த நிலையில் இருந்தன என்பதையும் இங்கே விளக்க வேண்டும். அவை எழுதியபடியே வைக்கப்படவில்லை. ஒருவகைக் கணித ஆலையில் இட்டு அரைத்து வைக்கப்பட்டிருந்தன. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது அல்லவா? ஆனால் கள்வனும் அதே ஆலையை வைத்திருக்கலாம். மக்கள் வழக்கமாக வைக்கும் சொற்களை ஒவ்வொன்றாக அரைத்து, வருகிற மாவைத் திருடிய மாவோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால், பிள்ளையின் பெயரையும் பிறந்த ஆண்டையும் கடவுச்சொல்லாக வைத்தவர்கள் விரைவிலேயே அகப்படுவார்கள். அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வைத்திருந்தால் நட்டம் விளையாட்டோடு நிற்காது. சுமார் 1 கோடியே 23 லட்சம் கணக்குகளில் அட்டை எண்களும் இருந்தன. அவை மறைக்குறியீட்டில் காக்கப்பட்டிருந்தன என்பது ஓர் ஆறுதல்.

மே 1 அன்று டோக்கியோவில் கசுவோ ஹிராயும் உடன் பணிபுரிந்த மேலாளர் இருவரும் பத்திரிகையாளர் முன் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டனர். மறுநாளே இன்னொரு செய்தி. அந்நிறுவனத்தின் மற்றொரு பிரிவான 'சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட்'டிலும் 2 கோடியே 46 லட்சம் கணக்குகளின் விவரங்கள் களவு போயிருக்கலாம் என்று அறிவித்தார்கள். இதிலே என் மனத்தை மிகவும் உறுத்துவது ஒரு சிறு தொகைதான். 2007-ஆம் ஆண்டைச் சேர்ந்த, பயன்பாடு முடிந்துபோன பழைய பட்டியல் ஒன்று அங்கே கிடந்தது. அமெரிக்கர் அல்லாதாரின் ஏறத்தாழ 12,700 அட்டை எண்கள் அதில் இருந்தன. ஆஸ்திரியா, ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின் நாட்டவரின் சுமார் 10,700 வங்கிக் கணக்குப் பதிவுகளும் அதனோடு போயின. எவருக்கும் பயனில்லாத ஏட்டை நான்கு ஆண்டுகள் எதற்காகப் பாதுகாக்க வேண்டும்? பாதுகாக்கவுமில்லை என்பதுதானே வேதனை!

மே 14 முதல் இணையம் படிப்படியாகத் திறக்கப்பட்டது. ஜப்பானில் அரசு உடனே இணங்காததால் மே 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விளையாட்டுகளை விற்கும் கடைப்பகுதி ஜூன் தொடக்கத்தில்தான் திரும்பியது. அக்கடையை மட்டுமே நம்பித் தொழில் செய்த சிறு படைப்பாளிகளுக்கு அத்தனை நாளும் வருமானமில்லை. பொறுத்திருந்தோருக்கு இரண்டு விளையாட்டுகள் இலவசமாகத் தரப்பட்டன. நிறுவனம் தன் செலவை ஏறத்தாழ 1,400 கோடி யென் என மதிப்பிட்டது. 2013 ஜனவரியில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் இரண்டரை லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. மென்பொருளை உரிய காலத்தில் புதுப்பித்திருந்தால் இத்தாக்குதலைத் தடுத்திருக்கலாம் என்பதே அதன் முடிவு.

களவு இல்லாமலும் கதவு அடைபடுவதுண்டு. 2014 கிறிஸ்துமஸ் நாளில் பிளேஸ்டேஷன் இணையமும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் இணையமும் ஒருசேர முடங்கின. பயணச்சீட்டு வாங்கும் எண்ணமே இல்லாத பெருங்கூட்டத்தைச் சாளரத்தின் முன் நிறுத்தி வைத்தால், உண்மையான பயணி எப்படி நெருங்குவான்? அவ்வாறே பொய்யான கோரிக்கைகளைக் கோடிக்கணக்கில் ஏவி வழியை அடைத்தார்கள். அன்று காலையில் பரிசாகப் பெற்ற புதிய பெட்டியைத் திறந்த சிறுவர் பலர் ஏமாந்தனர். 'லிசார்ட் ஸ்குவாட்' என்னும் கூட்டம் இச்செயலுக்கு உரிமை கொண்டாடியது. அக்கூட்டத்தின் தொடர்பில் பின்னர் காவல்துறையிடம் சிக்கியவர்கள் வளர்ந்தும் வளராத இளைஞர்களே. ஏமாந்த சிறுவருக்குப் பெற்றோர் இருந்தது போல், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இதனைச் செய்தவர்களுக்கும் பெற்றோர் இருந்தனர். அறைக்குள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களும் அறிந்திருக்க மாட்டார்கள்.

2025 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் இணையம் மீண்டும் ஏறத்தாழ ஒரு நாள் நின்றது. செயல்பாட்டில் ஏற்பட்ட சிக்கல் என்ற ஒரு வரியோடு, சந்தா கட்டியவர்களுக்கு ஐந்து நாள் கூடுதலாகத் தந்தார்கள். எது பழுதாயிற்று என்று அப்போது விளக்கவில்லை. 2011-இல் ஆறு நாள் காத்திருந்த குடும்பங்களுக்கு இந்த ஒரு வரி எப்படி ஒலித்திருக்கும்!

நிறுவனம் சொல்லும் வரை காத்திராமல் நாமே செய்து கொள்ளக்கூடியவை சில உண்டு. விளையாட்டுக் கணக்குக்கு வேறெங்கும் பயன்படாத தனிக் கடவுச்சொல்லை வையுங்கள். கைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி வைத்தால், கடவுச்சொல் களவு போனாலும் கள்வன் எளிதில் உள்ளே நுழைய முடியாது. வங்கி அட்டையை அங்கே பதிந்து வைப்பதைவிட, தேவையான தொகைக்குக் கிஃப்ட் கார்டு வாங்கிக் கொடுப்பது மேல். சிறுவருக்குப் பெற்றோர் கணக்கின் கீழ் தனிக் கணக்கு தொடங்கும் வசதியும் இருக்கிறது. பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பின்னும், பத்து வயதில் தொடங்கிய கணக்கு வீட்டு முகவரியோடு எங்கோ ஒரு கணினியில் கிடக்கலாம். அது இனி வேண்டாம் என்றால், கணக்கை மூடி விவரங்களை அழித்துவிடுமாறு நிறுவனத்தாருக்கு எழுதி, அவர்கள் தரும் பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.