நமக்கான அரசு வழக்கறிஞரை நாமே கேட்போம்

சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் பக்கம் போனால் கண்ணகி–முருகேசனை நினைக்காமல் இருக்க முடியாது. 2003இல் சாதிவெறியர்கள் இருவரையும் நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021இல். உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2025இல். தண்டிக்கப்பட்டவர்களில் காவல் அதிகாரிகளும் உண்டு. காவல்துறை கட்டித்தரும் கோப்பை வைத்துத்தானே அரசு வழக்கறிஞர் வாதாட வேண்டும்? அதனால் அவர் யார் என்பது முக்கியம்.

கோகுல்ராஜின் தாய் இதைப் புரிந்துகொண்டவர். போராடி வழக்கை மதுரைக்கு மாற்றவைத்தார், ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். முக்கியச் சாட்சி பிறழ்ந்தும் 2022இல் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞரை அரசுக் கட்டணத்தில் மாவட்ட ஆட்சியர் அமர்த்தலாம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் (1995), விதி 4(5). எந்தக் காவல் நிலையமும் இதைச் சொல்லித் தராது. முதல் தகவல் அறிக்கை பதிவான வாரமே ஆட்சியரிடம் மனு கொடுங்கள்.