பின்னால் ஒளிந்த பொத்தான்கள்

புத்தகப் பக்கங்களை வடிவமைப்பது என் தொழில். மேசையில் இருப்பது 32 அங்குல 4கே மானிட்டர். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் முழு அளவில் சேர்த்துப் பார்க்கலாம்; விட்டுப்போன ஒற்று உடனே கண்ணில் படும். இந்த வசதியை இனி விடமாட்டேன்.

ஆனால் வெளிச்சத்தைக் குறைக்க, திரைக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது. எது மெனு, எது பவர் என்று விரலுக்குத் தெரிவதில்லை. பவரில் கைபட்டால் திரை அணைந்து, திரும்ப வரும்போது திறந்துவைத்த கோப்புகள் இடம் மாறிக் கிடக்கின்றன. காலையில் முகத்தில் வெயில், இரவில் டியூப்லைட். நாளுக்குப் பலமுறை மாற்ற வேண்டிய வெளிச்சம் இது. பழைய குண்டு மானிட்டர்களில் முன்பக்கமே குமிழ் இருந்தது. மெல்லிய விளிம்பின் அழகுக்காக அதை எடுத்தது சரியில்லை. கண் வலிப்பது நமக்குத்தான்.

கணினியிலிருந்தே மானிட்டரின் வெளிச்சத்தை மாற்றும் டிடிசி/சிஐ என்ற ஏற்பாடு 1998-லேயே வந்துவிட்டது. பெரும்பாலான மானிட்டர்களில் அது உண்டு. இலவசச் செயலி ஒன்றைப் போட்டால் விசைப்பலகையிலேயே வேலை முடியும். இதை அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சிட்டால் என்ன?

எழுத்தளவும் தொல்லைதான். 3840×2160 புள்ளிகளில், பெரிதாக்காமல் வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தே போகிறது. 150 சதவீதம் வைத்தால் பழைய மென்பொருள்கள் மங்குகின்றன.

வாங்குபவர்கள் கடையிலேயே பின்னால் கைவிட்டுப் பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். கணினியின் எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள், 1.4 என்றால் 4கே திரையில் 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும், மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும்.