வாயிலும் வழியும்

2024 ஆகஸ்டு 23ஆம் நாள் காலையில், கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவின் நடைபாதையில் சென்றுகொண்டிருந்த பெண்மணி ஒருவரின் காலடியில் நிலம் உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து சுற்றுப்பயணம் வந்தவர் அவர். ஏறத்தாழ 8 மீட்டர் ஆழப் பள்ளம் அவரை விழுங்கியது. மீட்புப் படையினர் கழிவுநீர்க் குழாய்களுக்குள்ளும் இறங்கி ஒன்பது நாள் தேடினர், உடல்கூடக் கிடைக்கவில்லை. தேடுதல் முடியுமுன்பே அதே தெருவில், கூப்பிடு தொலைவில், இன்னொரு பள்ளம் விழுந்தது.

2023 டிசம்பர் முதல் நாளில்தான் இந்தியக் குடிமக்கள் விசா இன்றி வரலாம் என்று மலேசிய அரசு வாயிலைத் திறந்திருந்தது. பள்ளம் விழுந்து ஐந்து மாதம் நிறைவதற்குள், 2025 ஜனவரியில், ‘மலேசியாவுக்கு வருகை புரியும் ஆண்டு 2026’ பரப்புரையைப் பிரதமர் தொடக்கிவைத்தார். 35.6 மில்லியன் வருகையாளர், 147.1 பில்லியன் ரிங்கிட் வருவாய் என இலக்கும் குறிக்கப்பட்டது. விருந்தினரை அழைப்பதை நாம் குறைகூறவில்லை. அவர்கள் வருகையால் வாழும் கடைகளும் உணவகங்களும் தமிழர் தெருக்களில் ஏராளம். அழைத்தவருக்கு அவர்கள் நடக்கும் நிலத்தைக் காக்கும் கடமையும் உண்டு என்பதே நம் வாதம்.

கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையின்மேல் அமைந்தது. பத்துமலையாக வெளியே எழுந்து நிற்கும் அதே பாறை நகரத்துக்கு அடியிலும் படிந்து கிடக்கிறது. நீர் அதைக் கரைத்துப் பொந்துகளை உண்டாக்கும். அத்தகைய நிலத்தில் புதைந்த குழாய் கசிந்தால் மண் அரிக்கப்பட்டு உள்ளே இறங்கிவிடும்; மேலே தளக்கல் மட்டும் வெறுமையின்மீது நிற்கும். நிலவியலார் நெடுங்காலமாக அறிந்த உண்மை இது. ஆகவே இந்நகரில் பழங்குழாய்களை மாற்றுவதும் நடைபாதைக்கு அடியில் நிலத்தை ஆய்வதும் சுற்றுலாச் செலவாகவே கருதப்பட வேண்டும். அவற்றைப் பராமரிப்புக் கணக்கில் தள்ளி, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என ஒத்திப்போடுவது பெருந்தவறு.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் வரலாறும், அழைப்போர் வழியைக் கவனிக்கத் தவறுவதையே உணர்த்துகிறது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் அங்கே ‘லிட்டில் இந்தியா’வைத் திறந்துவைத்தனர். 2015 நவம்பரில் இந்திய அரசின் அன்பளிப்பான தோரண வாயிலை நரேந்திர மோடி திறந்தார். வாயில்கள் விரைந்து எழுந்தன. வழிகள் அவ்வாறு அமையவில்லை. மோனோரயில் 2003இல் ஓடத் தொடங்கியபோது, அங்கே கே.எல். சென்ட்ரல் என்று பெயர் தாங்கிய நிலையம் உண்மையான கே.எல். சென்ட்ரல் ரயில் முனையத்தோடு இணைக்கப்படவில்லை. பயணிகள் பெட்டிகளைச் சுமந்து, வெயிலிலும் மழையிலும் வெளியே நடந்தே அந்த இடைவெளியைக் கடந்தனர். 2014இல் வணிக வளாகம் ஒன்று எழுந்த பிறகே, அதன் வழியாக நிழலில் செல்லும் பாதை கிடைத்தது. பதினோர் ஆண்டுகள்! பொதுப் போக்குவரத்தின் குறை தீர, ஒரு கடைத்தொகுதி கட்டப்படும்வரை காத்திருக்க நேர்ந்தது வருந்தத்தக்கது.

கிள்ளானும் இவ்வாறே காத்திருக்க நேர்ந்தது. பண்டார் உத்தாமாவிலிருந்து ஷா ஆலம் வழியாகக் கிள்ளானின் ஜோஹான் செத்தியாவரை ஏறத்தாழ 37 கிலோமீட்டர் இலகு ரயில் தடம், 2020இல் இயங்கும் என்று அறிவிக்கப்பட்டது. 2018இல் செலவைக் குறைக்க ஐந்து நிலையங்கள் விலக்கப்பட்டன. பின்னர் அவற்றையே மீண்டும் சேர்க்க அரசு முடிவெடுத்தது. இடையில், 2024 பிப்ரவரியில், கிள்ளான் அரச மாநகரமாக உயர்வு பெற்றது. வருகை ஆண்டுப் பரப்புரை தொடங்கிய நாளிலும் அத்தடத்தில் பயணிகள் ஏறவில்லை.

வருகையாளர் எண்ணிக்கையைச் சுற்றுலா அமைச்சு வெளியிடும்போதெல்லாம், அதனோடு மற்றொரு கணக்கும் வெளிவர வேண்டும்: சுற்றுப்பயணிகள் திரளும் தெருக்களில் எவ்வளவு நிலம் ஆய்வு செய்யப்பட்டது, எத்தனை குழாய்கள் மாற்றப்பட்டன, எந்தப் பணி எந்த நாளில் முடியும் என்பன அதில் இருக்கட்டும். கோலாலம்பூர் மாநகர் மன்றமும் கிள்ளான் மாநகர் மன்றமும் அதற்குப் பொறுப்பேற்கட்டும். பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. கோலூன்றி அத்தெருக்களை நாள்தோறும் கடப்போர் அதன் உறுப்பினர். அங்கே நடைபாதைப் பணி நிறைவுற்றது என்று சான்றளிக்கும் உரிமையை மாநகர் மன்றம் அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.