பிழைத்தால் சாகசம், மாண்டால் திமிரா?

மலையில் ஒருவர் மாண்டார் என்ற செய்தியைப் படிக்கும் நம்மில் பெரும்பாலோர், அடுத்த வரியிலேயே அவர் செய்த தவறைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ஆம் நாள் மூண்ட காட்டுத் தீ குறித்து அந்நாள்களில் வந்த வாசகர் கருத்துகளை நினைவுபடுத்திப் பார்த்தால் இது விளங்கும். கொழுக்குமலைப் பாதையில் நடந்துகொண்டிருந்த மலையேற்றக் குழுவினர், காய்ந்த புல் மண்டிய சரிவில் தீக்கு நடுவே சிக்கிக்கொண்டனர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்திருந்த இளம் வயதினர் அவர்கள். அவர்களில் பெண்கள் பலர். உள்ளூர் மக்கள் முதலில் ஓடினார்கள். விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் பின்னர் வந்தன. சிகிச்சையில் இருந்தவர்களும் அடுத்தடுத்த நாள்களில் இறந்துபோக, பலி எண்ணிக்கை 23-இல் வந்து நின்றது.

அந்த எண்ணிக்கை முழுமை பெறுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. கோடையில் காட்டுக்குள் என்ன வேலை என்றார்கள். கணினி நிறுவனச் சம்பளத்தின் கொழுப்பு என்றார்கள். திருமணமான பெண்கள் வீட்டை விட்டு மலைக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. அதைக் கேட்டவர்களில் படித்தவர்கள் அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அனுமதி பெற்றார்களா, யார் அழைத்துச் சென்றார்கள், தீக்காலத்தில் சோதனைச் சாவடியில் அவர்களைத் தடுத்திருக்க வேண்டியவர் யார் என்ற கேள்விகளும் எழுந்தன. ஆனால், அவை பின்வரிசையில்தான் நின்றன.

இதற்கு நேர்மாறான ஒரு வரவேற்பை 2024-இல் பார்த்தோம். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளத் திரைப்படம் தமிழ்நாட்டுத் திரையரங்குகளை நிறைத்தது. 2006-இல் கொடைக்கானல் குணா குகைக்கு வந்த கேரள இளைஞர்களில் ஒருவர் பாறைப் பிளவுக்குள் விழுந்ததும், நண்பர் ஒருவர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டதும் உண்மை நிகழ்வு. இறங்கி மீட்டவருக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் வழங்கப்பட்டது, தகும். ஆனால், அந்த நண்பர்கள் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் வேலி தாண்டித்தான் நுழைந்தார்கள். அதைப் பொருட்படுத்தாமல் நாம் கை தட்டினோம். அவர்கள் புகார் சொல்ல ஓடியபோது காவல் துறையினர் அடித்ததாகச் சொல்லப்பட்டதை விசாரிக்கவேண்டும் என்ற குரலும் எழுந்தது. அரசும் அதற்கு உத்தரவிட்டது. படம் பார்த்த கையோடு குணா குகைக்குக் கிளம்பிய கூட்டத்தை இங்கு விவரிக்கத் தேவையில்லை.

அந்த இளைஞர் அன்று மேலே வராமல் போயிருந்தால் இதே நாம் என்ன எழுதியிருப்போம்? வேலி தாண்டியதையே தலைப்பாக்கியிருப்போம்.

செயல் ஒன்று, முடிவு இரண்டு, தீர்ப்பும் இரண்டு. ஜொனாதன் பேரன், ஜான் ஹெர்ஷே என்ற இரு ஆய்வாளர்கள் 1988-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஓர் இதய அறுவைச் சிகிச்சை. 100 பேருக்குச் செய்தால் 8 பேர் இறக்கக்கூடும். எல்லாம் அறிந்தே செய்யலாம் என்று மருத்துவர் முடிவெடுக்கிறார். நோயாளி பிழைத்தார் என்று சொல்லப்பட்டவர்கள் அந்த முடிவைப் பாராட்டினர். இறந்தார் என்று சொல்லப்பட்டவர்கள் அதே முடிவைக் குறைகூறினர். முடிவெடுத்த நேரத்தில் மருத்துவர் கையில் இருந்த தகவல் இரண்டிலும் ஒன்றேதான். அதற்கும் முன்பே, 1975-இல், பரூக் ஃபிஷ்ஹாஃப் என்பவர் 1814-இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரு குறிப்பைப் பலரிடம் கொடுத்து, ஒவ்வொரு பிரிவினரிடமும் வெவ்வேறு முடிவைச் சொல்லிப் பார்த்தார். எந்த முடிவு சொல்லப்பட்டதோ அதுவே நடக்க வாய்ப்பு அதிகம் இருந்தது என்று அந்தந்தப் பிரிவினர் கருதினார்கள். நடந்தது தெரிந்த பிறகு, நடப்பதற்கு முன்பே தெரிந்திருந்தது போன்ற மயக்கம் நமக்கு வந்துவிடுகிறது. குரங்கணியில் தீப்பிடிக்கும் என்று மார்ச் 12-ஆம் நாள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உலகில் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட மலை விபத்து வரலாறு, 1996 மே 10, 11 நாள்களில் எவரெஸ்ட்டில் வீசிய புயலைப் பற்றியது. எட்டுப் பேர் இறந்தனர். ராப் ஹால் என்ற வழிகாட்டியின் குழுவில் சென்று உயிருடன் திரும்பிய ஜான் கிராக்கவர் அதை முதலில் 'அவுட்சைட்' இதழில் கட்டுரையாகவும், 1997-இல் நூலாகவும் எழுதினார். வாசகர் கடிதங்கள் குவிந்தன. நீ ஏன் காப்பாற்றவில்லை, யார் மீது பழி போடுகிறாய் என்று கேட்டவை அவற்றில் கணிசமானவை. இறந்த மற்றொரு வழிகாட்டியான ஸ்காட் ஃபிஷரின் சகோதரியும் கசந்து எழுதினார். கிராக்கவர் குறைகூறியிருந்த அனடோலி பூக்ரீவ் தம் தரப்பை எழுத, அது இன்னொரு நூலாயிற்று. வாசகர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்தார்கள்.

அந்த நூலை நான் பொருளியல் மாணவனாகவே படித்தேன். பிற்பகல் 2 மணிக்குள் சிகரம் எட்டாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது அங்கு பேசப்பட்ட விதி. கட்டணம் 65,000 டாலர். டக் ஹான்சன் என்ற அஞ்சல் ஊழியர் முந்தைய ஆண்டு சிகரத்துக்கு மிக அருகிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர், மீண்டும் வந்திருந்தார். அவர் சிகரத்தை அடைந்தபோது மணி நான்கு. அவரும் திரும்பவில்லை, அவருக்காகக் காத்திருந்த ஹாலும் திரும்பவில்லை. போட்ட முதலை விட மனமில்லாமல் மேலும் முதல் போடும் வணிகரை எந்தக் கடைத்தெருவிலும் காணலாம். மலையில் அதற்கு உயிரே விலையாகிறது. இதைத் திமிர் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டால், அந்த விதியை மீறவைத்தது எது என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லாமல் போகிறது. அந்த நூலைப் படித்து உலகம் எவரெஸ்ட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும். போகிறவர் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது.

அதே புயலில் வடக்குப் பக்கம் இறந்த மூவர் நம்மவர்கள்: இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் செவாங் சமன்லா, செவாங் பல்ஜோர், டோர்ஜே மோருப். ஜப்பானியக் குழு ஒன்று உயிருக்குப் போராடிய இவர்களைக் கடந்து சென்றது என்ற குற்றச்சாட்டு எழுந்து உலகம் முழுவதும் கொதித்தது. பின்னர் நடந்தவற்றைச் சரிபார்த்து, ஜப்பானியர்கள் உதவ மறுக்கவுமில்லை, கைவிடவுமில்லை என்ற விளக்கத்தை நம் தரப்பே ஏற்றுக்கொண்டது. குற்றச்சாட்டைப் படித்தவர்களில் இந்த ஏற்பைப் படித்தவர் எத்தனை பேர்? இன்றும் அந்தக் கதை முதல் பாதியோடுதான் உலவுகிறது.

நம் ஊர்ப் பக்கம் இன்னொரு வேறுபாடும் உண்டு. கோவை வெள்ளியங்கிரி மலையில் ஏழு மலை ஏறும் பக்தர்கள் மூச்சுத் திணறியும் மாரடைப்பிலும் இறக்கும் செய்தி, பிப்ரவரி முதல் மே வரையிலான பருவத்தில் ஆண்டுதோறும் வருகிறது. சதுரகிரியில் 2015 மே மாதம் காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றது. அப்போதெல்லாம் 'ஏன் போனார்கள்' என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால், மலைக்குப் பக்தி, உல்லாசம் என்ற பாகுபாடு தெரியாது; இரத்த அழுத்தத்துக்கும் தெரியாது. பக்தருக்கு இரக்கமும் உல்லாசப் பயணிக்கு ஏச்சும் என்று நாம் பிரித்துக் கொடுப்பதால் இருவருக்குமே இழப்பு. முன்னவரின் மரணம் விதி என்று முடிந்துவிடுகிறது. பின்னவரின் மரணம் தண்டனை என்று முடிந்துவிடுகிறது.

வயிற்றுப்பாட்டுக்காக மலைக்குப் போகிறவர் கதை இன்னும் மோசம். எங்கள் மானாம்பதியில் ஏறுவதற்கு மலை இல்லை. ஆனால் உத்திரமேரூர் வட்டத்தில் உடைப்பதற்குக் குன்றுகள் இருந்தன. 2021 பிப்ரவரியில் மதூர் கல்குவாரியில் சரிவு ஏற்பட்டு உயிரிழப்பு நேர்ந்தது. அது பற்றி இப்பகுதித் தேநீர்க் கடைகளில் நடந்த பேச்சு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. குரங்கணியைப் பற்றி இதே கடைகளில் மாதக் கணக்கில் பேசினார்கள். இறந்தவர் நம்மைப் போன்றவராகவும் இருந்து, நாம் செய்யாத ஒன்றைச் செய்தவராகவும் இருந்தால்தான் நமக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆர்வம் பிறக்கிறது போலும்.

குரங்கணியில் இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தபோது, பொழுதுபோக்கச் சென்றவர்களுக்கு வரிப்பணமா என்ற கேள்வியும் வந்தது. இழப்பீடு உறுதியானால் மனிதர் துணிந்து ஆபத்தில் இறங்குவார் என்ற வாதம் பொருளியலில் உண்டு. வங்கிகளுக்கு அது பொருந்தும். காப்பீட்டு நிறுவனங்கள் அதை வைத்தே கணக்குப் போடுகின்றன. தம் தாய்க்குச் சில லட்சம் ரூபாய் கிடைக்கும் என்று எண்ணி எரியும் புல்வெளிக்குள் நடந்துபோன இளைஞர் எவரும் இல்லை. அந்த இடத்தில் இந்த வாதத்தை எடுத்துவருவது பொருளியல் ஆகாது.

தீயின் தோற்றம் பற்றி மேய்ச்சல்காரர்கள், புகைத்துப் போட்ட துண்டு என்று பலவாறு பேசப்பட்டது. ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா விசாரணை அதிகாரியாக அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத் துறை 40 பாதைகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. மலைவாழ் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். நல்ல மாற்றம் என்றே கருதுகிறேன். ஆயினும், குரங்கணி விசாரணை என்ன கண்டறிந்தது, அதில் எது விதியாயிற்று, எது ஆகவில்லை என்று சொல்லக்கூடிய வாசகர் ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. இறந்தவர்களின் குற்றம் என்ன என்று சொல்லக்கூடியவர்களோ ஏராளம்.

அமெரிக்க மலையேற்றக் கழகம் 1948 முதல் ஆண்டுதோறும் விபத்து அறிக்கை ஒன்றை வெளியிட்டு வருகிறது. எந்தப் பாதை, எத்தனை மணி, என்ன வானிலை, எந்த முடிச்சு அவிழ்ந்தது, யார் எப்போது திரும்பியிருக்கலாம் என்று ஒவ்வொரு விபத்தையும் பிரித்துக் காட்டும் அறிக்கை அது. உயிர் தப்பியவர்களே தங்களுக்கு நேர்ந்ததை அதற்கு எழுதி அனுப்புகிறார்கள். ஏச்சுக்கு அஞ்சும் சமூகத்தில் அப்படி யாரும் எழுத முன்வரமாட்டார்கள். மயிரிழையில் தப்பியவர் வாய் திறக்காவிட்டால், அடுத்து வருபவருக்கு எச்சரிக்கை கிடைக்காது. குரங்கணியில் பிழைத்தவர்கள் எத்தனை பேர் விரிவாகப் பேசினார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எங்கள் வட்டத்தின் தலைநகரான உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டைப் பார்க்க வருபவர்கள் குடவோலை முறையைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்றும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. மலைச் சாவுகளுக்கு அப்படியொரு கணக்கைத் தமிழில் ஆண்டுதோறும் வெளியிட வனத் துறையால் முடியும். வழிகாட்டிகளும் அனுமதிச் சீட்டு முறையும் வந்துவிட்ட நிலையில் தகவல் திரட்டுவது முன்னைப்போல் கடினமில்லை. பக்தர், பயணி, கல் உடைப்பவர் என்ற பிரிவினை இல்லாமல், பெயர்களை விட்டுவிட்டு நேரமும் இடமும் காரணமும் மட்டும் இருந்தால் போதும். வெள்ளியங்கிரிப் பருவம் பிப்ரவரியில் திறக்கிறது. கடந்த பருவத்தின் கணக்கு அதற்கு முன்பு பூண்டி அடிவாரத்தில் ஒட்டப்படட்டும்.